நறுக்கி வைத்த காய் புதன்கிழமை ஏன் கெட்டுப்போகிறது?

3 செப்டம்பர் 2023, காலை: கேள்வி

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாரம் முழுவதற்கும் தேவையான காய்களை நறுக்கி, கழுவி, காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். திங்களும் செவ்வாயும் குறை இல்லை. புதன்கிழமை திறந்தால் பீன்ஸும் அவரைக்காயும் பிசுபிசுக்கின்றன, வெண்டைக்காய் கறுத்திருக்கிறது, முட்டைக்கோஸ் நாற்றமடிக்கிறது. டப்பாக்கள் விலை உயர்ந்தவை. ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்பதால் காலை ஆறரைக்குள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டியாக வேண்டும். நான் எங்கே தவறு செய்கிறேன்?

3 செப்டம்பர் 2023, இரவு: பதில்

'நறுக்கி, கழுவி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசைதான் முதல் தவறு. நானும் நான்கு வருடம் அப்படித்தான் செய்தேன். காயை நறுக்கும்போது வெட்டுப்பட்ட இடமெல்லாம் அதன் சாறு கசிகிறது. அந்தச் சாறு நுண்ணுயிர்களுக்குத் தயாரான உணவு. அதன்மேல் தண்ணீரையும் ஊற்றி, வடிந்தும் வடியாமலும் மூடி போட்டு அடைத்தால், டப்பாவுக்குள் ஈரம் தேங்கி மூன்றாம் நாள் கொழகொழப்பு வருகிறது. காயை முழுதாகக் கழுவ வேண்டும். பழைய வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரமாவது உலர்த்த வேண்டும். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். பீன்ஸின் காம்படியிலும் அவரைக்காயின் ஓர மடிப்பிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், அவற்றை ஒருமுறை துடைப்பது நல்லது.

நறுக்கிய பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. முழுக்காயைவிட வெட்டிய காய் வேகமாக மூச்சு விடும். அப்போது வெப்பமும் நீராவியும் வெளியேறும். அந்த நீராவிதான் காற்றுப் புகாத டப்பாவின் மூடியில் முத்துமுத்தாகத் திரண்டு காயின் மேலேயே சொட்டுகிறது. அதனால் டப்பாவின் அடியில் ஒரு பருத்தித் துணியும் காயின் மேல் இன்னொன்றும் இருக்க வேண்டும். டப்பாவின் விலைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. என் வீட்டில் எவர்சில்வர் டப்பாதான்.

4 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் ஃபிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? திருகுக் குமிழில் 3 என்ற எண்ணில் வைத்தால் 3 டிகிரி என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண் குளிர்ச்சியின் படிநிலை மட்டுமே. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஒரு சமையல் வெப்பமானியை இரவு முழுவதும் விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்த்தேன். 9 டிகிரி செல்சியஸ் காட்டியது. இருக்க வேண்டியது 5 அல்லது அதற்கும் கீழே. 4 இருந்தால் நிம்மதி. பத்து டிகிரி கூடினால் காயின் மூச்சு வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது என்பது பொதுவான கணக்கு. ஆக, 9 டிகிரியில் இருக்கும் காய்க்கும் 4 டிகிரியில் இருக்கும் காய்க்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு.

கதவின் உட்பக்கத் தட்டுகள்தாம் ஃபிரிட்ஜிலேயே வெப்பம் கூடிய இடம். அங்கே நறுக்கிய காயை வைக்காதீர்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் காய் உறைந்து, வெளியே எடுத்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். தானாகப் பனி கரையும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் உள்ளே விசிறி சுழன்றுகொண்டிருப்பதால் காற்று வறண்டிருக்கும். அங்கே திறந்து வைத்த காய் சுருங்கும். எந்த வகை என்று தெரிவித்தால் மேற்கொண்டு சொல்ல முடியும்.

10 செப்டம்பர் 2023

இரட்டைக் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இப்போது காய்வாரியாகப் பேசலாம். எல்லாக் காயையும் ஒரே மாதிரி நறுக்கி வைக்க முடியும் என்ற எண்ணத்தைக் கைவிடுவதுதான் இதில் பெரிய வேலை. எந்தக் காயை எந்தக் கட்டம் வரை தயார் செய்து நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

பீன்ஸ், அவரை, கொத்தவரங்காய் ஆகியவற்றுக்கு நாரும் காம்பும் கிள்ளுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. நறுக்குவது ஐந்து நிமிடம். எனவே நாரெடுத்து முழுதாக வைத்துவிடுங்கள், நான்கைந்து நாள் தாங்கும். பொடியாக நறுக்கிவிட்டால் மூன்றாம் நாளே வெட்டுவாய் பழுப்பேறும். வெண்டைக்காயைத் துடைத்து, உலர்த்தி, தலையும் வாலும்கூட நறுக்காமல் துணிப் பையில் போட வேண்டும். வெப்பமண்டலச் செடியின் காய் என்பதால் கடுங்குளிரும் அதற்கு ஆகாது. 7 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் மேலே கரும்புள்ளிகள் விழும். நீங்கள் பார்த்த கறுப்பில் ஒரு பங்கு குளிராலும் வந்திருக்கலாம். வெண்டைக்காயைத் திங்கள், செவ்வாய்க்கே ஒதுக்கிவிடுவது என் வழக்கம். கத்திரிக்காயை முன்கூட்டி நறுக்கவே கூடாது.

பூசணிக் கீற்று, பரங்கிக் கீற்று வாங்கினால் வந்தவுடன் விதையையும் நடுவிலுள்ள பஞ்சுப் பகுதியையும் வழித்து எறிந்துவிடுங்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தோலைச் சீவ வேண்டாம். முருங்கைக்காயை இரண்டு அங்குலத் துண்டுகளாக்கித் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் வரை நார் பிடிக்காமல் இருக்கிறது. முழுதாக ஃபிரிட்ஜில் நீட்டிப் போட்ட முருங்கைக்காய்தான் கயிறு போலாகிறது.

சின்ன வெங்காயம் உரிப்பது நம் வீடுகளில் பெரிய வேலை. உரித்ததை ஈரமே படாமல் இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது. நறுக்கிய வெங்காயம் சுற்றிலும் உள்ள கிருமிகளையெல்லாம் உறிஞ்சி ஒரே இரவில் நஞ்சாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வரும் செய்தியில் உண்மை இல்லை. மூடாமல் வைத்தால் பாலும் தயிரும் வெங்காய மணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கீரையை ஆய்ந்து வைக்கலாம், அரியக் கூடாது, கழுவவும் கூடாது. சந்தையிலேயே தண்ணீர் தெளித்துத்தான் கட்டு கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துப் பரப்பி உலர்த்தாவிட்டால் கட்டின் நடுவில் உள்ள இலைகள் மறுநாளே குழைகின்றன. உலர்ந்த கீரையைச் செய்தித்தாளில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைத்தால் மூன்று நாள் கவலை இல்லை. பழுத்த வாழைப்பழம், தக்காளி, ஆப்பிள் ஆகியவற்றோடு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். அவை வெளியிடும் எத்திலீன் வாயுவால் கீரை மஞ்சளாகும்.

11 செப்டம்பர் 2023

முட்டைக்கோஸை மறந்துவிட்டேன். நறுக்கும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. மூடிய டப்பாவில் அந்த மணம் சேர்ந்து சேர்ந்து நாற்றமாகிறது. கோஸைக் குறுக்கே பிளக்காமல் வெளியிலிருந்து இதழ் இதழாகப் பிரித்து எடுத்துக்கொண்டால் மீதி உருண்டை இரண்டு வாரம்கூடக் கெடாது.

17 செப்டம்பர் 2023

வாழைப்பூ பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி நறுக்கிய காய்கறி விற்கும் பெண்களிடம் ஆய்ந்த வாழைப்பூ வாங்கி, அலுவலகம் முடிந்து வீடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் மோர்த் தண்ணீரில் போட்டு வைப்பதன் காரணம் எளியது. வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழைக்காய், கத்திரிக்காய் ஆகியவற்றில் உள்ள ஒரு நொதி, வெட்டுப்பட்டவுடன் காற்றோடு சேர்ந்து காயைக் கறுக்க வைக்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. தண்ணீர் காற்றைத் தடுக்கிறது.

இரும்பு அரிவாள்மனையில் அரிந்தால் கறுப்பு இன்னும் கூடும். காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலமாகிறது. எவர்சில்வர் கத்தியால் அரிந்தால் இந்தக் கறுப்பு வராது. கத்தி எதுவானாலும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி காயை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் சாறு அதிகம் கசிகிறது. சாறு கசிந்த காய் சீக்கிரம் கெடுகிறது. சாணை பிடித்த கத்தியால் நறுக்கிய கேரட்டும் பழைய கத்தியால் நறுக்கிய கேரட்டும் ஒரே டப்பாவில் வேறு வேறு நாளில் கெட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கள்ளன் (ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் வேகாத நரம்பு) நீக்கி ஆய்ந்த வாழைப்பூவை மோர்த் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைக்கலாம். இரண்டாம் இரவு மோர் நன்றாகப் புளித்து அந்தப் புளிப்பு உசிலியிலும் ஏறிவிடுகிறது.

1 அக்டோபர் 2023

செப்டம்பர் 10ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். கீரையைச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லியிருந்தேன். அது தவறு. உணவுப் பொருள்களைச் செய்தித்தாளில் கட்டவோ வைக்கவோ வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. சென்ற வாரம் மீண்டும் அதையே வலியுறுத்தியிருக்கிறது. அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்களும் தீங்கான வேதிப்பொருள்களும் இருக்கக்கூடும் என்பதே காரணம். எண்ணெய்ப் பலகாரத்துக்குத்தான் அது பொருந்தும், பச்சைக் கீரைக்கு இல்லை என்று வாதாடிப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஈரக் கீரையைச் சுற்றிய தாளை விரித்தபோது என் விரலில் கறுப்பு ஒட்டியிருந்ததை எத்தனையோ முறை பார்த்துவிட்டு எதுவும் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். என் மகள் குழந்தையாக இருந்த நாளிலும் அப்படித்தான் கீரை வைத்தேன் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஆறு பைகள் தைத்துவிட்டேன். துணியில் கீரை இன்னும் ஒரு நாள் கூடுதலாகவே நிற்கிறது. பையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும்.

கறிவேப்பிலைக்கும் இதுவே முறை. உருவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, துணி போட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் பச்சை மாறுவதில்லை. ஈரத்தோடு வைத்த கறிவேப்பிலை கறுக்கும்.

15 அக்டோபர் 2023

கேரட்டை நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்தால் பத்து நாள் மொறுமொறுப்பாக இருக்கிறதே, ஈரம் ஆகாது என்று நீங்கள் சொன்னது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. மூன்று நாள் யோசித்தேன், இரண்டு டப்பா வைத்துப் பார்த்தேன்.

கேரட்டும் முள்ளங்கியும் கிழங்கு வகை, அடர்த்தியான சதை, பீன்ஸைப் போலவோ கீரையைப் போலவோ எளிதில் சாறு விடுவதில்லை. அவற்றுக்கு முதல் எதிரி வறட்சி. உலர்ந்த டப்பாவில் வைத்த கேரட் துண்டின் மேல் வெள்ளை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை என்று நினைத்து நான் எறிந்திருக்கிறேன். அது பூஞ்சை இல்லை, மேல்தோல் காய்ந்து வெளிறியதுதான். தண்ணீரில் போட்டால் உயிரணுக்கள் நீர் குடித்து விறைப்பாகின்றன. எனவே உங்கள் முறை கேரட்டுக்குச் சரிதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தாலோ துண்டு வழுக்கினாலோ எறிந்துவிட வேண்டும். வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி போய்விடும் என்பதால் நான் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. தோல் சீவிய உருளைக்கிழங்கும் தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும், ஒரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

ஆகவே முதல் நாள் எழுதியதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: பாதி ஈரம்தான் கெடுதி. முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், அல்லது குளிர்ந்த சுத்தமான நீரில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பின்னது கிழங்கு வகைகளுக்கு மட்டும்.

29 அக்டோபர் 2023

இஞ்சி பூண்டு விழுது காய்கறி இல்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் அதுவும் ஒன்று என்பதால், யாராவது ஒருவராவது கவனமாகப் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். உரித்த பூண்டையோ அரைத்த விழுதையோ எண்ணெயில் மூழ்க வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று பலர் சொல்கிறார்கள். என் பெரியம்மாவும் சொன்னார். மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். அது காற்று இல்லாத இடத்தில்தான் வளரும். எண்ணெய் அதற்கு அப்படிப்பட்ட இடத்தை அமைத்துக் கொடுக்கிறது. அதன் வளர்ச்சியைத் தடுக்கப் பூண்டில் போதிய புளிப்பும் இல்லை. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் குளிரூட்டாமல் வைத்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாட்டுலிசம் என்ற நரம்பு முடக்க நோய்க்கு ஆளானார்கள். அந்த நஞ்சு உருவானது வாசனையிலோ நிறத்திலோ தெரியாது.

ஃபிரிட்ஜ் குளிர் அந்தக் கிருமியின் வளர்ச்சியைப் பெரிதும் தடுக்கிறது. ஆனால் 9 டிகிரி காட்டிய என் ஃபிரிட்ஜையும், அடிக்கடி போகும் மின்சாரத்தையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று நான்கு நாளுக்கு வேண்டிய விழுதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு கட்டி போதும்.

10 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலின்போது எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் டிசம்பர் 4 காலை போன மின்சாரம் 6ஆம் தேதி இரவுதான் வந்தது. முதல் நாள் ஞாயிறு என்பதால் வாரத்துக்கான காய் முழுவதும் தயாராக அடுக்கியிருந்தது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரைதான் பாதுகாப்பான குளிரைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அந்த மூன்று நாளில், எதை உண்பது, எதை எறிவது என்ற கேள்வி சிறியதாக இல்லை.

நறுக்கியது, உரித்தது, அரைத்தது, துருவியது எல்லாவற்றையும் எறிந்தேன். இஞ்சி பூண்டு விழுதை முதலில் எறிந்தேன். தேங்காய்த் துருவல் மறுநாள் காலையிலேயே வழவழத்தது. நாரெடுத்து முழுதாக வைத்திருந்த பீன்ஸ், கழுவாத கத்திரிக்காய், சேனைக்கிழங்கு, தோல் சீவாத பூசணிக் கீற்று ஆகியவை நன்றாக இருந்தன. காஸ் அடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் கூட்டு வைத்து மாடி வீட்டாருக்கும் கொடுத்தோம். எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு தாங்குகிறது என்று நான் எழுதிக்கொண்டே இருந்ததை அந்த மூன்று நாளில்தான் முழுமையாக நம்பினேன். இப்போது மழைக்காலம் முடியும் வரை இரண்டு நாளுக்கு மேல் எதையும் நறுக்கி வைப்பதில்லை.

21 ஜனவரி 2024

பொங்கலுக்கு மொச்சையும் பச்சைப் பட்டாணியும் மலிந்தன. உரித்து அப்படியே ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதத்தில் நிறமும் சுவையும் போய்விடுகின்றன, ஏனென்றால் உறைபனியிலும் நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன. தளதளவென்று கொதிக்கும் நீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடமும், பீன்ஸ் துண்டுகளை மூன்று நிமிடமும், கேரட் துண்டுகளை இரண்டு நிமிடமும் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, வடித்து, துணியில் உலர்த்தி, தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறைய வைத்த பிறகு பைக்கு மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால் உதிரியாக நிற்கும்.

கோசுமல்லிக்கு நறுக்கிய வெள்ளரிக்காயை எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டவருக்கு: அன்றைக்கே நறுக்குங்கள். சமைக்கும் காயில் மிஞ்சிய கிருமி கொதியில் சாகும். பச்சையாக உண்பதில் அந்தக் காப்பு இல்லை. ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும் லிஸ்டீரியா என்ற கிருமி கருவுற்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்தானது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

5 மே 2024

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, எட்டு மாதத்துக்குப் பிறகு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை மீண்டும் வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்த அதே குமிழ், அதே எண். இப்போது 7 காட்டுகிறது. சமையலறைச் சூடு ஏறினால் உள்ளேயும் ஏறுகிறது. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, குமிழை ஒரு எண் கூட்டிய பிறகு 5க்கு வந்தது.

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: பீன்ஸும் அவரையும் வியாழக்கிழமை வரை நிற்கின்றன, வெண்டைக்காயைத் திங்களோடு முடித்துவிடுகிறாராம், முருங்கைக்கீரையை உருவுவதற்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். காம்போடு துணிப் பையில் இறுகக் கட்டி ஓர் இரவு வெளியிலேயே வைத்துவிட்டுக் காலையில் உதறிப் பாருங்கள், இலைகள் தாமாக உதிர்ந்திருக்கும்.